ஓடு உடையும்... கை உடையாதா?

விருத்தாசலத்தை ரயில் ஜங்ஷன் என்று சிலருக்குத் தெரியும். பழமலைநாதர் கோவில் உள்ள ஊர் என்று சிலருக்குத் தெரியும். இரண்டும் தெரியாதவர்கள் வீட்டில் கூட, அந்த ஊர்ச் சரக்கு ஒன்று இருக்கலாம் குட்டீஸ்! நவராத்திரிக் கொலுப்படியில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் பீங்கான் பொம்மை, பழைய மீட்டர் பெட்டியில் வெள்ளை வெளேரென்று செருகியிருக்கும் பியூஸ் கட்டை... இதையெல்லாம் செய்து பெயர் வாங்கிய ஊர் அது.

பக்கத்தில் இருக்கும் நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிக்கு மேலே மண்ணைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. இப்படிப்பட்ட களிமண்ணைக் கூழ் போலக் கரைத்து, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக் கொள்ளும். அதன் சுவரை ஒட்டி மண் தோல் மாதிரி படியும். மீதிக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே பொம்மை ரெடி! பீங்கான் பொம்மை கையில் கனக்காமல் உள்ளே காலியாக இருப்பது இதனால்தான். பிறகு காய வைத்து, சூளையில் அடுக்கி, ஆயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில் சுடுவார்கள்.

சூளைக்குப் போவதற்கு முன், அந்த மண்ணை நகத்தாலேயே கீறலாம். வெளியே வந்த பின், இரும்பு ஆணியால் கீறினாலும் லேசில் கோடு விழாது. அவ்வளவு கெட்டி!

இவ்வளவு கெட்டியான சுட்ட மண்ணை, ஒருவர் வெறும் கையால் உடைக்கிறாரே, எப்படி?

பள்ளி ஆண்டு விழாவில் பார்த்திருப்பீர்கள். வெள்ளை உடுப்பு போட்ட அண்ணன் ஒருவர் வருவார். பத்து ஓடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மைக்கில் ஒருவர் பில்டப் கொடுப்பார். சில ஊரில் ஓட்டின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வேறு வைப்பார்கள். (தீ வைப்பதால் ஓடு ஒன்றும் கூடுதலாகக் கெட்டிப்படாது. அது சும்மா கண்ணுக்கு விருந்து!) "ஹா...ய்!" என்று ஒரு சத்தம். பத்து ஓடும் பொலபொல. கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

மறுநாள் காலை, தெருவில் ஒரு வாண்டு செங்கல்லைத் தேடிக் கொண்டிருக்கும். அந்த வாண்டுக்காகத்தான் இந்தக் கட்டுரை!

சாக்பீஸ் சோதனை

ஒரு முழு சாக்பீஸை எடுங்கள். அதை மேஜை மேல் நிமிர்த்தி வைத்து, மேலிருந்து உள்ளங்கையால் அழுத்துங்கள். உடையாது. இப்போது அதே சாக்பீஸின் இரண்டு முனைகளையும் பிடித்து, லேசாக வளையுங்கள். டப்!

அடுத்து, ஒரு நீளமான ரப்பரின் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகக் கோடுகள் போட்டு வளைத்துப் பாருங்கள். உட்பக்கம் கோடுகள் நெருங்கும், வெளிப்பக்கம் விலகும். எந்தப் பொருளை வளைத்தாலும் ஒரு பக்கம் நசுங்கும், மறு பக்கம் இழுபடும். ரப்பர் இழுபடும்போது நீண்டு கொடுக்கிறது. சாக்பீஸுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சுட்ட மண்ணுக்கும் கிடையாது. நசுக்கினால் மலை போலத் தாங்கும்; இழுத்தால் பட்டென்று விரிசல் விடும். விழுந்த ஸ்டீல் டம்ளர் நெளிவதும், விழுந்த பீங்கான் கோப்பை சுக்கு நூறாவதும் இதனால்தான்.

இப்போது மேடைக்கு வாருங்கள். ஓட்டின் இரண்டு முனைகள் மட்டும் கல்லின் மேல் இருக்கும். நடுவில் அடியில் காலி. கை நடுவில் இறங்கியதும் ஓடு ஒரு மயிரிழை வளைகிறது. அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. விரிசல் அங்கே, அடியில் பிறந்து, மேலே ஓடி வருகிறது. நாம் மேலே அடித்ததைப் பார்க்கிறோம். ஓடு கீழேயிருந்து உடைகிறது!

இன்னொரு ரகசியம். அடுக்கிய ஓடுகளுக்கு நடுவே சின்னக் குச்சிகளைச் செருகி, இடைவெளி விட்டிருப்பார்கள். அப்போது முதல் ஓடு உடைந்த பிறகே இரண்டாவதின் மேல் பாரம் விழும். ஒவ்வொன்றாக உடைந்துகொண்டே போகும். இடைவெளியே இல்லாமல் ஒட்டி அடுக்கினால், பத்தும் சேர்ந்து ஒரே தடி ஓடு மாதிரி எதிர்க்கும். அதை உடைப்பதுதான் பெரிய பாடு. அடுத்த ஆண்டு விழாவில் குச்சி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

சரி, கை ஏன் உடைவதில்லை? இதைச் சோதித்தவர்களில் ஒருவர், விண்வெளிக்குப் போனவர்! அமெரிக்காவின் ரொனால்ட் மெக்நேர் லேசர் விஞ்ஞானி. கராத்தேயில் கறுப்பு பெல்ட் வாங்கியவர். அவரும், எம்.ஐ.டி. இயற்பியல் பேராசிரியர் மைக்கேல் ஃபெல்டும், ஸ்டீபன் வில்க் என்பவரும் சேர்ந்து, பலகையையும் கான்கிரீட்டையும் உடைக்கும் கைகளைப் படம் பிடித்து அளந்தார்கள். 1979ல் கட்டுரை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவரின் கை நொடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகத்தில் இறங்குகிறதாம். அதாவது, மணிக்கு 36 முதல் 50 கிலோமீட்டர். டவுன் பஸ் வேகம்!

நம் எலும்பு, கான்கிரீட்டைவிடப் பல மடங்கு அழுத்தம் தாங்கும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். எலும்பில் சுண்ணாம்புச் சத்து மட்டும் இல்லை. நடுவே நார் போன்ற புரதமும் பின்னிக் கிடக்கிறது. அதனால் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சுற்றிலும் தசை, தோல் என்று மெத்தை வேறு. மெக்நேர் 1984ல் ஒரு முறை விண்வெளி சென்று திரும்பினார். 1986 ஜனவரி 28ல், சேலஞ்சர் ஓடம் வெடித்தபோது இறந்த ஏழு பேரில் அவரும் ஒருவர்.

'எலும்பு அவ்வளவு பலமா! அப்படியென்றால் நானும்...' என்று எழுந்து விடாதீர்கள். உட்காருங்கள்!

அந்த வேகத்தில் ஓடு உடைந்தால்தான் கை தப்பும். கடைசி நொடியில் பயந்து கை கொஞ்சம் தயங்கினாலும் ஓடு உடையாது. ஓட்டுக்குப் போக வேண்டிய அடி கைக்கே திரும்பி வரும். பழகியவர்கள் ஓட்டைக் குறி வைப்பதில்லை. ஓட்டுக்கும் கீழே ஓர் இடத்தைக் குறி வைத்து அடிப்பார்கள். அதற்கு வருடக் கணக்கில் பழக்கம் வேண்டும். அது மட்டுமல்ல, உங்கள் வயதில் எலும்பின் முனைகள் இன்னும் வளர்ந்து கொண்டிருக்கின்றன. அந்த வளரும் பகுதி மற்ற எலும்பு மாதிரி கெட்டி கிடையாது. அங்கே அடிபட்டால், வளர்ச்சியே கோணலாகிப் போகலாம். அதனால் பொறுப்பான மாஸ்டர்கள் சிறுவர்களுக்கு ஓடு கொடுக்க மாட்டார்கள். மறுபடி பொருத்திக் கொள்ளும் பிளாஸ்டிக் பலகையோ, மெல்லிய மரப்பலகையோதான். எட்டு வயதுப் பிள்ளையைத் தலையால் ஓடு உடைக்க வைத்துக் கைதட்டல் வாங்கும் மாஸ்டரைக் கண்டால், அப்பாவிடம் சொல்லி வேறு வகுப்பைத் தேடுங்கள்.

காலும் கையும் நெறியும்

ஓடு உடைப்பது கராத்தேயிலும் உண்டு. கொரியாவின் டேக்வாண்டோவிலும் உண்டு. கொரியா நாடே மண்ணுக்குப் பேர் போனது. இளம்பச்சைப் பீங்கான் ஜாடிகளை எண்ணூறு, தொள்ளாயிரம் வருடம் முன்பே செய்து அசத்தியவர்கள் அவர்கள். சியோல் அருகே இச்சோன் என்று ஒரு நகரம் இருக்கிறது. பீங்கான் சூளைகளுக்குப் பெயர் பெற்றது. கொரியாவின் விருத்தாசலம் என்று வைத்துக் கொள்ளுங்களேன்! அங்கே வீட்டுக் கூரைக்குப் போடும் 'கிவா' என்னும் வளைந்த ஓட்டைத்தான் அடுக்கி வைத்து உடைப்பார்கள்.

ஆனால், டேக்வாண்டோ என்ற பெயரில் ஓடும் இல்லை, பலகையும் இல்லை. 'டே' என்றால் காலால் உதைப்பது. 'க்வோன்' என்றால் முஷ்டி. 'டோ' என்றால் வழி, நெறி.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. ஜப்பானில் கராத்தே கற்ற கொரிய இளைஞர்கள் பலர் ஊர் திரும்பினர். விடுதலை கிடைத்ததும் சியோலில் பயிற்சிக்கூடங்கள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றிலும் ஒரு பாணி. கொரியர்களுக்கு என்று 'டெக்கியோன்' என்ற பழைய உதை விளையாட்டும் இருந்தது. (2011ல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.) எல்லாவற்றுக்கும் பொதுவாக டேக்வாண்டோ என்ற பெயர் 1955ல் வந்தது. 1972ல் சியோலில் 'குக்கிவோன்' என்ற தலைமைக்கூடம் திறக்கப்பட்டது. 1973ல் முதல் உலகப் போட்டி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக நுழைந்து, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் முழுப் பதக்க விளையாட்டாகிவிட்டது. நம் ஊர் சிலம்பம் எத்தனையோ தலைமுறை பழசு. இதுவோ நம் தாத்தா வயது!

ஒலிம்பிக்கில் யாரும் ஓடு உடைப்பதில்லை. எட்டுப் பக்க மெத்தை விரிப்பில் நீல வீரர் ஒருவர், சிவப்பு வீரர் ஒருவர். மார்புக் கவசத்திலும் தலைக் கவசத்திலும் மின்னணு உணரிகள் இருக்கும். காலில் போடும் உறையிலும் உண்டு. சரியான இடத்தில், போதுமான பலத்தோடு பட்டால்தான் பலகையில் புள்ளி ஏறும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் கணக்குப்படி, மார்புக் கவசத்தில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலைக்கு உதை போனால் 3. சுழன்று மார்பில் உதைத்தால் 4, சுழன்று தலையில் உதைத்தால் 5. முகத்தில் கையால் குத்தினால் புள்ளி கிடையாது, தண்டனை! 'காம்ஜோம்' என்று நடுவர் கத்துவார். எதிராளிக்கு ஒரு புள்ளி போய்விடும். பயந்து பின்வாங்கி விரிப்புக்கு வெளியே கால் வைத்தாலும் காம்ஜோம்தான்.

சண்டை பிடிக்காதவர்களுக்கு 'பூம்சே' இருக்கிறது. எதிரே ஆளே இல்லாமல், வரிசையாகச் செய்யும் அசைவுகள். ஆரம்ப மாணவர்களுக்கு எட்டு பூம்சே. வானம், ஏரி, நெருப்பு, இடி, காற்று, நீர், மலை, பூமி என்று எட்டுக்கும் எட்டுப் பொருள். தென் கொரியக் கொடியின் மூலைகளில் கறுப்புக் கோடுகள் பார்த்திருக்கிறீர்களா? இந்த எட்டில் நான்கின் அடையாளங்கள் அவை. இதிலும் போட்டி உண்டு. அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த ரூபா பாயோர், 2024ல் வியட்நாமின் டா நாங் நகரில் நடந்த ஆசிய பூம்சே போட்டியில் வெண்கலம் வென்றார்.

வகுப்பில் எல்லாமே கொரிய மொழிதான். 'சாரியோட்' என்றால் அட்டென்ஷன். 'கியோங்னே' என்றால் வணக்கம் செய். 'ஹனா, தூல், செட்' என்றால் ஒன்று, இரண்டு, மூன்று. பிரேசிலுக்குப் போனாலும், பெரம்பூருக்கு வந்தாலும் இதே சொற்கள். பாஷை தெரியாத ஊரில் கூட வகுப்பில் போய் நின்றுவிடலாம்! கொரியப் பிள்ளைகள் அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிடுவார்கள். அம்மாவை 'ஓம்மா' என்பார்கள். எனவே பாதி பாஷை நமக்கு இப்போதே தெரியும்!

பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளையில் தொடங்கி, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று ஏறும். 15 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் குக்கிவோன் முழுக் கறுப்பு பெல்ட் தருவதில்லை. பாதி சிவப்பு, பாதி கறுப்பாக ஒரு பெல்ட் உண்டு. அதன் பெயர் 'பூம்'. அதனால், 'ஆறே மாதத்தில் உங்கள் குழந்தைக்கு பிளாக் பெல்ட்' என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், அதை மடித்துக் கப்பல் செய்து மழைத் தண்ணீரில் விடலாம்.

அருணாவின் கால்கள்

ஹரியானா மாநிலம், பிவானி மாவட்டத்தில் தினோத் என்று ஒரு கிராமம். அங்கே பிறந்தவர் அருணா தன்வர். அப்பா ஒரு தொழிற்சாலையில் டிரைவர். அருணாவுக்குப் பிறவியிலேயே இரண்டு கைகளும் சிறுத்து, விரல்களும் குறைவாக இருந்தன. கையால் ஓடு உடைப்பதுதான் டேக்வாண்டோ என்றால், அருணாவுக்கு அதில் இடமே இருந்திருக்காது. ஆனால், ஆட்டம் காலில் இருக்கிறது! முதலில் அவர் எல்லாரோடும் சேர்ந்து சாதாரணப் பிரிவில்தான் மோதினார். பிறகு, மாற்றுத் திறனாளிகளுக்கான பாரா டேக்வாண்டோவுக்கு வந்தார்.

பாரா டேக்வாண்டோவில் விதிகள் கொஞ்சம் வேறு. தலைக்கு உதைக்கக் கூடாது. கைக் குத்துக்குப் புள்ளியே கிடையாது. மார்புக் கவசத்தில் விழும் உதை மட்டுமே கணக்கு. ஆனால், ஒரு கஷ்டம் உண்டு. வரும் உதையைக் கையால் தடுப்பது எல்லாருக்கும் பழக்கம். கை சிறியதாக இருந்தால், காலாலேயே தடுக்க வேண்டும், விலக வேண்டும், திருப்பியும் உதைக்க வேண்டும். எல்லாம் ஒரே நொடியில்!

டோக்கியோ பாராலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டு முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. 2020ல் நடக்க வேண்டியது, கொரோனாவால் 2021க்குத் தள்ளிப் போனது நினைவிருக்கும். அதில் ஆட இந்தியாவிலிருந்து போனவர் அருணா. ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும், டேக்வாண்டோவில் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

2021 செப்டம்பர் 2. 49 கிலோ எடைப் பிரிவு. முதல் ஆட்டத்தில் செர்பியாவின் டானியெலா யோவானோவிச்சை 29-9 என்று மடக்கினார் அருணா. அடுத்தது காலிறுதி. எதிரே பெருவின் லியோனோர் எஸ்பினோசா. உதை மேல் உதை. மழை மாதிரி புள்ளிகள். ஆட்டம் முடிந்தபோது பலகையில் 84-21!

அந்த எண்ணை மறைக்காமல் எழுதக் காரணம் இருக்கிறது. 21 புள்ளி சும்மா வராது. எழுபது, எண்பது என்று எதிராளி ஏறிக் கொண்டிருக்கும்போதும், ஒருவர் முன்னே போய் உதைத்துக் கொண்டிருந்தால்தான் வரும். வெண்கலத்துக்குப் போக அருணாவுக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. ஆனால், காயம் காரணமாக அந்த ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. 2023ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் வெண்கலம் வாங்கினார்.

டோக்கியோவில் அதே 49 கிலோ பிரிவில் இன்னொரு பெண்ணும் இருந்தார். பெயர் ஜாகியா குதாதாதி. ஆப்கானிஸ்தான்காரர். பிறவியிலேயே ஒரு கை வளர்ச்சி குன்றியவர். 2008 ஒலிம்பிக்கில் ரோஹுல்லா நிக்பாய் என்ற வீரர், ஆப்கானிஸ்தானுக்கு அதன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கித் தந்தார். அது டேக்வாண்டோவில்தான். அவரைப் பார்த்துத்தான் ஜாகியாவுக்கு ஆசை வந்தது.

2021 ஆகஸ்டில் டோக்கியோவுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், தலிபான்கள் காபூலைப் பிடித்தார்கள். விமானங்கள் நின்றன. வீட்டுக்குள் அடைபட்ட ஜாகியா, 'என்னைப் போட்டிக்குப் போக விடுங்கள். உதவுங்கள்' என்று வீடியோவில் கேட்டார். அதை உலகம் பார்த்தது. ரகசியமாக விமானத்தில் ஏற்றி, பாரிஸ் வழியாக டோக்கியோவுக்குக் கொண்டு போனார்கள். ஜாகியா போய்ச் சேர்ந்தபோது, தொடக்க விழாவே முடிந்துவிட்டது. முதல் ஆட்டத்தில் தோற்றார். ஊருக்குத் திரும்ப முடியவில்லை. பிரான்ஸில் தங்கி, மறுபடி பயிற்சியைத் தொடங்கினார்.

மூன்று வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில், பாரிஸ் பாராலிம்பிக். கண்ணாடிக் கூரை போட்ட 'கிராண்ட் பலே' மண்டபம். இந்த முறை 47 கிலோ பிரிவு. அருணாவும் வந்திருந்தார், ஜாகியாவும் வந்திருந்தார். அருணா முதல் ஆட்டத்திலேயே துருக்கி வீராங்கனையிடம் தோற்று வெளியேறினார். ஜாகியாவின் உடையில் எந்த நாட்டுக் கொடியும் இல்லை. அவர் அகதிகள் அணிக்காக ஆடினார். அன்று வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் வரலாற்றில் அகதிகள் அணி வாங்கிய முதல் பதக்கம் அது.